15 வருஷம் யாரும் பார்க்காத கார் தரை: எஃப்.சி-க்கு முன்னாடி துருவை மூடுவதா, வெட்டி எடுப்பதா?

வீட்டு வாசலில் அப்பா காலத்து அம்பாசடர் நிற்கிறது. அல்லது பிரீமியர் பத்மினி, இல்லையென்றால் முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800. ஆர்.சி முடிய இன்னும் மூணு மாசம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது.

இந்த நிலையில் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை: "மேல ஒரு தகடு வச்சு, பட்டி போட்டு, அடியில கறுப்பு கோட்டிங் அடிச்சுட்டா எஃப்.சி பாஸ் ஆயிடும் சார்." அவர் சொல்வது பல சமயம் உண்மையாகவே நடக்கும். ஆனால் எஃப்.சி பாஸ் ஆவதும், அந்தத் தரை மேல் பாதுகாப்பாக உட்கார்ந்து போக முடிவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது, அதை யார் அடைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு: 20 வருஷத்தில் எத்தனை சோதனை?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவுப்படி, ஓன் போர்டு காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நாம் பேச்சுவழக்கில் இதையும் 'எஃப்.சி' என்றே சொல்கிறோம். சட்டப்படி தகுதிச் சான்றிதழ், அதாவது நிஜமான எஃப்.சி, வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் உரியது. சொந்தக் காருக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. அதற்கும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

புகைச் சான்றிதழை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு காரின் முதல் 20 வருஷத்தில் அதிகாரப்பூர்வமான பாதுகாப்புச் சோதனை எத்தனை முறை நடக்கும்?

• இந்தியா: 15-வது வருஷம், 20-வது வருஷம். மொத்தம் 2.
• ஜெர்மனி: முதல் சோதனை 3-வது வருஷம், பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறை. மொத்தம் 9.
• ஜப்பான்: அதே கணக்கு. மொத்தம் 9.
• இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்: 3-வது வருஷத்தில் ஆரம்பித்து வருஷா வருஷம். மொத்தம் 18.

துரு ஒரே நாளில் வருவதில்லை. 4-வது வருஷம் ஈரம், 7-வது வருஷம் பெயின்ட் கொப்புளம், 12-வது வருஷம் ஓட்டை என்று மெதுவாக வளரும். நம் ஊரில் அதிகாரி ஒருவர் காரின் அடியைப் பார்க்க முதல் வாய்ப்பு கிடைக்கும்போது, பல கார்களில் தரை ஏற்கெனவே போயிருக்கும். அதனால்தான் இங்கே தரை ரிப்பேர் என்றாலே, ஆர்.சி தேதி நெருங்கும்போது அவசர அவசரமாகச் செய்யும் வேலையாக ஆகிவிட்டது.

அரசு கேட்கும் பணம் எதை வைத்து ஏறுகிறது?

இந்தியத் தயாரிப்பு காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள்:

• 2022 மார்ச் வரை: 600 ரூபாய்.
• 2022 ஏப்ரல் 1 முதல், 15 வயது தாண்டியவற்றுக்கு: 5,000 ரூபாய்.
• 2025 ஆகஸ்ட் அறிவிக்கைப்படி, 20 வயது தாண்டியவற்றுக்கு: 10,000 ரூபாய்.

இறக்குமதி செய்த கார் என்றால் 2022-ல் 40,000 ரூபாய். 20 வயது தாண்டினால் இப்போது 80,000 ரூபாய். தேதி தாண்டிவிட்டால், கார்களுக்கு மாசம் 500 ரூபாய் வீதம் தாமதக் கட்டணமும் உண்டு. ஒரு வருஷம் மறந்துவிட்டால் அது மட்டும் 6,000 ரூபாய். பசுமை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெல்லி தேசியத் தலைநகர்ப் பகுதி 2025 ஆகஸ்ட் அறிவிக்கையில் சேராது. அங்கே 15 வருஷ பெட்ரோல், 10 வருஷ டீசல் வண்டிகளுக்கான தடையே தனிக் கதை.

இந்தப் பட்டியலில் எல்லாக் கட்டணமும் வயதை வைத்து ஏறுகிறது. ஷெட்டில் பொத்திப் பொத்தி வைத்த 21 வயது காரும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் சீட் வரை முங்கி எழுந்த 21 வயது காரும் ஒரே தொகைதான் கட்டும். அந்த வெள்ளத்தில் முங்கிய கார் அப்போது ஒரு வயதாக இருந்திருந்தால், 15 வயது ஆகும் வரை அதன் அடியை யாரும் பார்க்கப் போவதில்லை. வயது ஒரு குறிப்பு மட்டும்தான். காரின் நிலைமையை அது சொல்லாது.

தரை போனா என்ன? மேட் போட்டுக்கலாமே!

இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் கார் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

பழைய ஜீப்பிலும், 1960-களில் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் தனி சேஸிஸ் உண்டு. இன்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த இரும்புச் சட்டத்தில் உட்காரும். பாடி அதன் மேல் வைத்துப் போல்ட் போட்டது. இவற்றில் தரை ஓட்டையானால் கெடுதல்தான், ஆனால் வண்டியின் முதுகெலும்பு வேறிடத்தில் இருக்கிறது.

அம்பாசடர், பத்மினி, மாருதி 800 மூன்றும் அப்படி இல்லை. இவற்றில் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற சில், குறுக்குத் தாங்கிகள், கூரை எல்லாம் சேர்ந்து வெல்டிங் செய்த ஒரே கூடு. கூடுதான் சேஸிஸ். தரை அரித்தால் அரிப்பது சேஸிஸ்.

அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 அந்த வடிவமைப்பில் வந்தது. பழைய அம்பாசடரில் முன் சக்கரத்துக்கு காயில் ஸ்பிரிங் கிடையாது. நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார்தான் ஸ்பிரிங். அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு பலம் கொடுப்பதற்கு, அதன் பின்முனையைத் தரைக்கு அடியில் உள்ள குறுக்குத் தாங்கி பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் துருப்பிடித்தால் காரின் முன் எடையைத் தாங்கும் பிடிப்பே தளர்கிறது. மேலே மேட் போட்டால் இது மறையுமே தவிர, சரியாகாது.

அடுத்தது சீட்டும் பெல்ட்டும். மணிக்கு 50 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு மரத்தில் மோதி, உள்ளே இருப்பவர் சுமார் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரத்தில் போட்டால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக்குறைப்பு வரும். 60 கிலோ ஆளை அந்தச் சில நொடிப்பொழுதில் பிடித்து நிறுத்த, பெல்ட் 1,200 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்க வேண்டும். சர்வதேச விதியான ஐ.நா ஒழுங்குமுறை 14-ல், கார் பெல்ட் பொருத்தும் இடங்களைத் தோள் பக்கமும் இடுப்புப் பக்கமும் தலா 13.5 கிலோநியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 1,375 கிலோ எடை. அந்த போல்ட் எதில் மாட்டியிருக்கிறது? தரையிலும் சில் பக்கத்திலும்.

பழைய கார்களில் பின்னாளில் பெல்ட் மாட்டும்போது, அடியில் பலத் தகடு வைக்காமல் மெல்லிய தரையிலேயே துளை போட்டு போல்ட் முடுக்கியிருப்பதும் உண்டு. துருப்பிடித்த தகட்டில் அந்த போல்ட் காகிதத்தில் குத்திய குண்டூசி மாதிரிதான் நிற்கும்.

துரு எங்கிருந்து வருது?

பலரும் நினைப்பது போல ரோட்டுத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. தரை பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். இரும்புக்குத் தேவை நீரும் காற்றும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கடலோர ஊர்களான சென்னை, மும்பை, விசாகப்பட்டினத்தில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

வழக்கமான வழிகள் இவை:

• விண்ட்ஷீல்டு ரப்பர் காய்ந்து வெடித்து, மழைநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி கால் வைக்கும் குழியில் தேங்கும்.
• ஏசி டியூப் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே சொட்டும்.
• கதவின் கீழ் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டு, சில் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும்.
• கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் சணல், ஃபோம் ஈரத்தை உறிஞ்சி மாதக்கணக்கில் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும்.

துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் ஸ்பாட் வெல்டிங் இணைப்புக்குள் புகுந்துவிட்டால், அது உப்பி இரண்டையும் பிரித்துவிடும். மேலே பார்த்தால் பெயின்ட் நன்றாக இருக்கும். உள்ளே இணைப்பு விட்டிருக்கும்.

சோதனையில் உண்மையில் எதைப் பார்ப்பாங்க?

ஆர்.டி.ஓ அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைப் பார்ப்பார். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, விளக்கு, ஹாரன், டயர், பிரேக் என்று போகும் அந்தப் பார்வை. குழியோ லிஃப்டோ இல்லாத மைதானத்தில் காரின் அடியை முழுசாகப் பார்ப்பது யாருக்குமே கஷ்டம்.

இதற்கு மாற்றாக மத்திய அரசு 2021 செப்டம்பரில் தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. வாடகை, சரக்கு வண்டிகளுக்கு இது படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. இங்கே ரோலர் மேல் பிரேக் விசை, சஸ்பென்ஷன், சக்கரம் பக்கவாட்டில் நழுவுவது, ஹெட்லைட்டின் கோணம், புகை, ஸ்டியரிங் இணைப்புகளின் ஆட்டம் எல்லாவற்றையும் கருவி அளக்கும். மனிதத் தலையீடு குறையும் என்பதால் இது நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் இந்தக் கருவிகளில் எதுவும் தகட்டின் தடிமனை அளப்பது இல்லை. பிரேக் ரோலர் மேல் நிற்கும் காருக்குத் தரையில் ஓட்டை இருந்தாலும் பிரேக் எண் நன்றாகவே வரும். எனவே தரையின் நிலைமை, பார்ப்பவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. கறுப்பு கோட்டிங் ஏமாற்றுவது அந்தக் கண்ணைத்தான்.

பிரிட்டனின் 30 செ.மீ விதி

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உதாரணம் பிரிட்டனின் வருடாந்திரச் சோதனையான எம்.ஓ.டி. அங்கே துருவுக்கென்றே எழுதி வைத்த அளவுகோல் இருக்கிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்தைச் சுற்றி 30 செ.மீ தூரம் வரை சுமை தாங்கும் தகடு அரித்துப் பலம் இழந்திருந்தால் கார் ஃபெயில். சோதிப்பவர் விரலால் அழுத்தலாம், அதற்கான கருவியால் லேசாகத் தட்டலாம், சுரண்டலாம்.

ரிப்பேருக்கும் விதி உண்டு. அந்த 30 செ.மீ-க்குள் ஒட்டுப் போட்டால், தகடு நல்ல இரும்பு இருக்கும் இடம் வரை நீள வேண்டும். சுற்றிலும் விடுபடாமல் வெல்டிங் ஓட வேண்டும். பழைய பலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஃபைபரும் பட்டியும் செல்லாது.

அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. 2018 மே முதல், 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.டி கட்டாயமில்லை. ஆனாலும் கார் ரோட்டில் ஓடும் நிலையில் இருக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையதுதான்.

நம் ஊரில் இந்த விதி இல்லையென்றாலும், உங்கள் காரைப் பார்க்க அதே 30 செ.மீ-ஐ நீங்களே பயன்படுத்தலாம். செலவு எதுவும் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய 5 சோதனைகள்

1. சீட், கார்ப்பெட், அடியில் உள்ள சணல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மேட்டை மட்டும் தூக்கிப் பார்ப்பது போதாது.

2. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'கிண்' என்று சொல்லும். துருவோ பட்டியோ இருக்கும் இடம் 'மொத்' என்று சொல்லும்.

3. காந்தம் வையுங்கள். பட்டியும் ஃபைபரும் இருக்கும் இடத்தில் ஒட்டாது, அல்லது பலமில்லாமல் ஒட்டும்.

4. சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். உள்ளே போனால் அது தகடு இல்லை. இப்போதே தெரிவது நல்லது.

5. ஒரு பக்கம் முன்னும் பின்னும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு ஒழுங்காக மூடிய கதவு இப்போது உரசினால், சில் பலம் இழந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

கண்ட இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பேரம் பேசவும், வேலை முடிந்த பிறகு ஒப்பிடவும் அது உதவும்.

சரியான தரை ரிப்பேர் எப்படி இருக்கும்?

டிங்கரிங் வேலையை நாமே செய்யப் போவதில்லை. ஆனால் எது சரி, எது கண்துடைப்பு என்று தெரிந்தால்தான் பட்டறையில் பேச முடியும்.

*ஒழுகலை முதலில் நிறுத்தணும்.* விண்ட்ஷீல்டு ரப்பர், ஏசி டியூப், வடிகால் துளை. இதைச் செய்யாமல் புதுத் தகடு போட்டால் இரண்டு மழைக்காலத்தில் பழைய கதை திரும்பும்.

*வெட்டணும், மூடக்கூடாது.* துருவின் மேல் தகடு வைத்தால், நடுவில் ஈரம் சிக்கி மேல் தகட்டையும் தின்னும். பளபளப்பான, முழுத் தடிமன் உள்ள இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். சாக்பீஸ் வட்டத்தைவிட ஓட்டை எப்போதும் பெரிதாகத்தான் வரும். அதற்கு மனதையும் பணத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

*வெட்டும் முன் கூட்டைத் தாங்கணும்.* சில் பக்கம் வெட்டுவதென்றால் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, அந்தக் கோணலோடு புதுத் தகடு ஒட்டிவிடும். அதன்பிறகு கதவு சாகும்வரை ஒழுங்காக மூடாது. இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது.

*தகடு எது என்று கேளுங்கள்.* தரைக்குச் சாதாரணமாக 0.9 முதல் 1.2 மி.மீ தடிமனுள்ள சி.ஆர் ஷீட் போதும். தாங்கிகளுக்கு இன்னும் தடிமன் வேண்டும், பழையது எவ்வளவோ அவ்வளவு. கூரைக்குப் போடும் ஜி.ஐ ஷீட் மலிவாகக் கிடைக்கிறது என்று போடுவார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆகவே வெல்டிங் அடிக்கும்போது துத்தநாகம் புகையாகப் போகும், இணைப்பில் ஓட்டை விழும். அந்தப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குக் குளிரும் காய்ச்சலும் வரும்.

*எந்த வெல்டிங்?* பட்டறையில் 'சி.ஓ.டூ வெல்டிங்' என்று சொல்லும் மிக் வெல்டிங்தான் மெல்லிய தகட்டுக்குப் பொருத்தம். குச்சி வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங் 1 மி.மீ தகட்டைச் சுலபமாகப் பொத்துவிடும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். அனுபவசாலி கையில் மட்டும் சரிவரும். தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்பி முழுக் கோடாக்குவது முறை. நாலு மூலையில் நாலு புள்ளி வைத்துவிட்டு மீதியைப் பட்டியால் பூசுவது தரை ரிப்பேர் இல்லை.

*தீ.* பல கார்களில் பெட்ரோல் டியூபும் பிரேக் டியூபும் ஒயரிங்கும் தரையை ஒட்டியே ஓடும். பேட்டரியைக் கழற்றணும், டியூப், ஒயர்களை விலக்கணும், டேங்கைத் தேவைப்பட்டால் இறக்கணும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். இதைக் கேட்டுச் சிரிக்கும் பட்டறையில் காரை விடாதீர்கள்.

*பூச்சு.* வெல்டிங் முடிந்ததும் இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, எபாக்ஸி அல்லது துத்தநாக ப்ரைமர், இணைப்புகளில் சீலண்ட், பிறகு பெயின்ட், கடைசியில் அண்டர் கோட்டிங். சில் பெட்டிக்குள் மெழுகு வகை ஸ்ப்ரே. ரெட் ஆக்சைடை மட்டும் அடித்துவிட்டு விட்டால் அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது. வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, அண்டர் கோட்டிங் அடிப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய் வெல்டிங்கைப் பாருங்கள். கறுப்புப் பூச்சு விழுந்த பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எப்போ ஆரம்பிக்கணும்?

ஆர்.சி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்துதான் புதுப்பிக்க விண்ணப்பிக்க முடியும். எனவே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நாலு மாசம் முன்பு கார்ப்பெட்டைத் தூக்குங்கள். மூணு மாசம் முன்பு பட்டறையில் விடுங்கள். இரண்டு மாசம் முன்பு விண்ணப்பியுங்கள். தேதியைத் தாண்டவிட்டால் அபராதம் மட்டும் பிரச்சினை இல்லை. தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு கார் திருடுபோன வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாததால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது.

தரையை வெட்டி மாற்றுவது சட்டப்படி 'மாற்றமா'?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பழைய தகட்டின் அதே வடிவத்தில், அதே இடத்தில் புதுத் தகடு வைப்பதால் ஆர்.சி-யில் எதுவும் மாறுவதில்லை. ஒரே எச்சரிக்கை: சேஸிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்து, அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று டிங்கரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நம்பர் இல்லாத கார், பழுது பார்த்த கார் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

50 வயது தாண்டிய கார்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் கடந்த இரு, நான்கு சக்கர வாகனங்களைத் தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ' எழுத்துகள் வரும். பதிலுக்கு, தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி கூடு அல்லது இன்ஜினில் மாற்றம் உள்ளடங்கிய பெரிய அளவிலான மாற்றியமைப்பு நடந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அம்பாசடரில் தரையும் கூட்டின் பகுதிதான். 50 வருஷக் காரில் தரையைத் தொடாமல் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். பழுதுபார்ப்பு எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது? இதைச் சொல்லாமல் விட்டால், நேர்மையாக வெட்டி வெல்டிங் செய்தவர் பயப்படுவார். துருவை மூடிவைத்தவருக்கு 'அசல் தரை' என்று பெயர் கிடைக்கும். அதனால்தான் வேலைக்கு முன்னும் பின்னும் படம், பில், பயன்படுத்திய தகட்டின் விவரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைப்பது நல்லது.

எப்போ விட்டுடணும்?

எல்லாக் காரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. தரை மட்டும் போயிருந்தால் ரிப்பேர் செய்யலாம். தரை, இரண்டு பக்கச் சில், சஸ்பென்ஷன் பிடிக்கும் தாங்கி மூன்றும் போயிருந்தால், நீங்கள் செய்வது ரிப்பேர் இல்லை, புதுக் கூடு கட்டுவது. உணர்வுபூர்வமான காரணம் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

இல்லையென்றால் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுக்கலாம். 2021 கொள்கைப்படி, பழைய காருக்கு அதே போன்ற புதுக் காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை ஸ்கிராப் மதிப்பு எதிர்பார்க்கலாம். 6 லட்சம் ரூபாய் கார் என்றால் 24,000 முதல் 36,000 ரூபாய். அங்கே தரும் டெபாசிட் சான்றிதழை வைத்துப் புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. இந்த இரண்டு தொகையையும் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள். டிங்கரிங் மதிப்பீடு, பதிவுக் கட்டணம், பசுமை வரி மூன்றையும் கூட்டி இன்னொரு பக்கம் வையுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

அரசு என்ன மாற்றலாம்?

மூன்று விஷயங்கள், எதுவுமே பெரிய செலவில்லாதவை.

முதலாவது, சொந்தக் காருக்கு முதல் சோதனை 15-வது வருஷம் என்பதை முன்னுக்குக் கொண்டுவருவது. துரு சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வேலையும் சின்னது.

இரண்டாவது, துருவுக்கு எழுத்தில் ஓர் அளவுகோல். எந்த இடம், எத்தனை செ.மீ, எந்த வகை ரிப்பேர் செல்லும் என்று எழுதிவிட்டால் ஆய்வாளருக்கும் பாதுகாப்பு, உரிமையாளருக்கும் தெளிவு. தானியங்கி நிலையத்தில் காரைத் தூக்கி அடியைப் பார்ப்பதையும் அதில் சேர்க்கலாம்.

மூன்றாவது, விண்டேஜ் விதியில் ஒரு வரி: அதே வடிவில், அதே பலத்தில் செய்யும் துரு ரிப்பேர் மாற்றமாகக் கருதப்படாது என்று.

மும்பையின் பத்மினி டாக்ஸிகள் 20 வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ரோட்டை விட்டுப் போயின. வயதை எண்ணுவது நிர்வாகத்துக்குச் சுலபம், தகட்டைத் தட்டிப் பார்ப்பது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையை இப்போதைக்கு அரசு செய்யவில்லை என்பதால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சுத்தியலையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே ஆரம்பிக்க வேண்டியதுதான்.